தேயிலையில் மலையைச் சுவைத்தறிவது எப்படி?

விளைந்த மண்ணும் காற்றும் உயரமும் தேநீரின் குணத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை நாக்கினாலேயே அறிய விரும்புவோர் அசாமையும் டார்ஜிலிங்கையும் ஒப்பிடுவதிலிருந்து தொடங்கக் கூடாது. அசாமில் இருப்பது பெரிய இலை வகைச் செடி. டார்ஜிலிங்கில் மிகுதியாக இருப்பதோ சிறிய இலையுள்ள சீன வகை. ஆகவே கோப்பையில் தெரியும் வேறுபாட்டில் நிலத்தின் பங்கு எவ்வளவு, செடியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. இலங்கைத் தேயிலையில் இந்தக் குழப்பம் குறைவு. செடி வகையில் அவ்வளவு வேறுபாடில்லாமல், சிறிய தீவுக்குள்ளேயே கடல்மட்டத்தை ஒட்டிய தோட்டங்களும் 1,800 மீட்டருக்கு மேற்பட்ட தோட்டங்களும் இருக்கின்றன.

நுவரெலியா, ஊவா, ருகுணு ஆகிய மூன்று பகுதிகளின் தேயிலையை, கலப்பில்லாததாகவும், இலையை மெல்ல உருட்டும் மரபான ஆர்த்தடாக்ஸ் முறையில் தயாரித்ததாகவும் பார்த்து வாங்குங்கள். மூன்றும் பி.ஓ.பி. (உடைந்த இலைத் தரம்) போன்ற ஒரே தரமாக இருக்க வேண்டும். தூள் நுணுகினால் சாயம் விரைவில் இறங்கும் என்பதால், ஒன்று இலையாகவும் மற்றொன்று டஸ்ட்டாகவும் இருந்தால் ஒப்பீடே பொய்த்துவிடும். சி.டி.சி. குருணை இதற்கு உதவாது. கடுப்பும் நிறமும் தருவதற்கென்றே நசுக்கி உருட்டப்படும் அதில் ஊரின் மணம் பெரும்பாலும் அடங்கிப்போகிறது.

மூடியுள்ள மூன்று வெள்ளைக் கோப்பைகளில், 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் என்ற அளவில் தேயிலையை இட்டு, அப்போதுதான் கொதித்த நீரை ஊற்றி, 6 நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். சர்வதேசத் தர நிர்ணய முறையும் இந்த அளவுகளையே சொல்கிறது. பாலும் சர்க்கரையும் இப்போது வேண்டாம். முதலில் வடிகட்டியில் தங்கிய ஈர இலையை முகர்ந்து பாருங்கள். சாயத்தைவிட அதில் மணம் தெளிவாகத் தெரியும். பிறகு நுவரெலியாவில் தொடங்கி ருகுணுவில் முடியுமாறு, ஓசையெழ உறிஞ்சிச் சுவையுங்கள். வரிசையை மாற்றினால் ருகுணுவின் அழுத்தத்துக்குப் பின் நுவரெலியா வெந்நீராகவே தோன்றும்.

நுவரெலியாவின் குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் சாயம் வெளிறிய பொன்னிறமாகவும் மணம் பூவை நினைவூட்டுவதாகவும் இருக்கும். காலி, மாத்தறைப் பக்கத்து ருகுணு தோட்டங்கள் 600 மீட்டருக்கு உட்பட்ட வெப்பமான தாழ்நிலத்தில் உள்ளவை. அங்கு இலை விரைந்து வளர்ந்து, கரிய தூளாகி, அடர்ந்த செஞ்சாயம் தருகிறது. இந்த இரண்டு கோப்பைகளிலும் பாலைச் சேர்த்துப் பார்த்தால், எது நம் வீட்டுத் தேநீருக்கு உகந்தது என்பது உடனே விளங்கும்.

உண்மையில் வியப்பளிப்பது ஊவாதான். தென்மேற்குப் பருவமழை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஈரத்தைக் கொட்டிவிட்டு, மலையைக் கடந்து ஊவாவின் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்றில் வாடி நிற்கும் செடி தன் இலையில் மீத்தைல் சாலிசிலேட்டை மிகுதியாகச் சேர்த்துக்கொள்கிறது. ஊட்டிக் கடைகளில் மூட்டுவலிக்கென விற்கப்படும் வின்டர்கிரீன் எண்ணெயின் மணமும் இதே பொருளால் வருவதுதான். தேநீரில் தைல வாசனையா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இரண்டாம் மிடறுக்குப் பிறகு அந்தக் குளிர்ச்சி பிடித்துப்போகும் என்பது என் எண்ணம்.

ஆனால் ஊவா என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்; பறித்த மாதத்தையும் கேளுங்கள். மழைக்காலக் கொழுந்தில் இந்த மணம் தேடினாலும் கிடைக்காது. மேற்குச் சரிவிலுள்ள திம்புளைக்குக் கணக்கு நேர்மாறானது: வடகிழக்குப் பருவக்காற்று கிழக்கை நனைக்கும்போது ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகள் வறண்டிருப்பதால், அங்கு ஜனவரி முதல் மார்ச் வரை பறித்ததையே தேடி வாங்க வேண்டும்.