பழைய உபுண்டுவில் களஞ்சிய முகவரியைச் சரிசெய்த என் அனுபவம்

கோண்டாவிலில் உபுண்டு இயங்குதளத்தில் இயங்கிய எங்கள் சனசமூக நிலையக் கணினியில் ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகையைச் சேர்ப்பதற்காக ஐபஸ்-எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள் பொதியை நிறுவ முயன்றபோது, களஞ்சியத்தில் (பொதிகளைத் தரவிறக்கும் இணைய இருப்பிடத்தில்) ‘ரிலீஸ்’ கோப்பு இல்லை என்ற செய்தியும் 404 என்ற பிழையும் தோன்றின. இணைய இணைப்பில் பழுது இருக்கும் என்று உடனிருந்தோர் கருதினர். ஆனால், வழங்கியின் (கோப்புகளை அனுப்பும் சேவையகத்தின்) பெயரைக் கண்டறிய முடியவில்லை என்று வந்தால்தான், பெயரை இணைய முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும். 404 என்பதோ, வழங்கி பதிலளிக்கிறது, கேட்ட கோப்புத்தான் அங்கே இல்லை என்று பொருள்படும்.

அக்கணினியில் இருந்தது உபுண்டு 23.04. ஏப்ரல் 2023 இல் வெளியான அந்த இடைக்காலப் பதிப்புக்கு ஒன்பது மாத ஆதரவே உண்டு; 2024 ஜனவரியில் அது முடிந்த பின்னர், அதன் பொதிகள் வழமையான வழங்கிகளிலிருந்து நீக்கப்பட்டு, ஓல்ட்-ரிலீசஸ்.உபுண்டு.காம் என்ற முகவரியில் மட்டும் பேணப்படுகின்றன.

ஆகவே, களஞ்சிய முகவரிகளைக் கொண்ட சோர்சஸ்.லிஸ்ட் கோப்பைப் படியெடுத்து வைத்துவிட்டு, அதிலிருந்த இலங்கைக் கண்ணாடித் தளத்தின் (பொதிகளின் பிரதியை வைத்திருக்கும் வழங்கியின்) முகவரி, பாதுகாப்புக் களஞ்சிய முகவரி ஆகிய இரண்டுக்கும் பதிலாக ஓல்ட்-ரிலீசஸ் முகவரியை இட்டு, பொதிப் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘ஏபிடி அப்டேட்’ கட்டளையை இயக்கினேன். பட்டியல் முழுமையாக இறங்கியது, விசைப்பலகையும் வந்தது.

பொதிகள் உபுண்டுவிடமிருந்தே வந்தவையா என்று பார்க்கும் கையொப்பச் சரிபார்ப்பை நிறுத்திவிடுமாறு சிலர் கூறும் ஆலோசனையை நான் உறுதியாக மறுக்கிறேன். பழைய பொதிகளின் பட்டியலும் உபுண்டுவின் கையொப்பத்துடனேயே இருப்பதால் அதற்குத் தேவையே இல்லை. எனினும், ஓல்ட்-ரிலீசஸ் தளத்தில் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. பொதுமக்கள் பயன்படுத்தும் கணினி என்பதால், கோப்புகளைப் பிரதியெடுத்த பின்னர், 2029 வரை ஆதரவுள்ள 24.04 பதிப்பை அதில் புதிதாக நிறுவினேன்.