கொள்ளுப்பாட்டி எப்போது, எதனால் இறந்தார்? எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் தேடும் முறை

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மூணாறு, செங்கோட்டை என்று கேரள எல்லையை ஒட்டி வேர்பிடித்த தமிழ்க் குடும்பங்களில், ஆண்களின் வரிசையை நாலு தலைமுறைக்கு ஒப்பிக்க யாராவது ஒருவர் இருப்பார். அவர்களுடைய மனைவிமார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எத்தனை பெற்றார்கள், எதனால் போனார்கள் என்று கேட்டால், "அந்தப் பாட்டி சின்ன வயசுலயே போயிட்டாளாம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அதற்கு அப்பால் போக வழி இருக்கிறது. ஆனால் பாட்டியின் பெயரைச் சொல்லித் தேடினால் எந்த அலுவலகத்திலும் அவர் கிடைக்க மாட்டார். அப்பா பெயர், புருஷன் பெயர், அண்ணன் தம்பி பெயர் ஆகியவற்றின் கீழ்தான் அவர் ஒளிந்திருப்பார்.

இணையத்தில் கிடைக்கும் வம்சாவளிக் கையேடுகளைப் படித்துவிட்டு இறங்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடும்பங்களுக்கானவை. அங்கே அயோவாவிலோ ஒஹையோவிலோ பண்ணை வீட்டில் வாழ்ந்து மறைந்த ஒரு சாதாரணப் பெண்ணைக்கூட மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளில் பெயரோடு பார்க்கலாம். 1900, 1910 கணக்கெடுப்புகளில் ஒவ்வொரு தாயிடமும் எத்தனை குழந்தை பெற்றாள், எத்தனை உயிரோடு இருக்கிறது என்றே கேட்டு எழுதினார்கள். 72 ஆண்டு கழிந்ததும் அந்தத் தாள்கள் பொதுப் பார்வைக்கு வந்துவிடும். நம் நாட்டிலும் கணக்கெடுப்பு நடந்தது, ஆனால் தனியாள் விவரத்தைப் பார்க்க 1948ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே அந்த இரண்டு கேள்விகளையும் வீட்டுப் பெரியவர்களிடம் நாம்தான் கேட்க வேண்டும்.

வீட்டிலேயே இருக்கும் பதிவுகள்

அலுவலகத்துக்குப் போகும் முன் வீட்டை முழுசாகத் தேடுங்கள். பதிவேட்டில் தேடுவதற்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆண்டும் ஊரும் குறுகியிருந்தால்தான் காசும் அலைச்சலும் மிச்சமாகும்.

யாரிடம் கேட்பது என்பது முக்கியம். மகன் வழிப் பேரனைவிட மகள் வழிப் பேத்திக்கு அதிகம் தெரியும். நாத்தனார் மகள், ஓரகத்தி மகள் யாராவது இருந்தால் அவர்களிடம் முதலில் போங்கள். "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல உங்கம்மா கையில எந்தக் குழந்தை, பாட்டி?" "ரேஷன் வந்தப்ப கொள்ளுப்பாட்டி இருந்தாளா?" என்று சம்பவத்தை வைத்துக் கேளுங்கள் (தொண்ணூத்தொம்பது என்றால் கொல்லம் 1099, அதாவது 1924). அடுத்து, "மொத்தம் எத்தனை பிரசவம், எத்தனை தங்கிச்சு?" என்று கேளுங்கள். "எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டால் உயிரோடு வளர்ந்தவர்களை மட்டுமே சொல்வார்கள்.

பெயர்களைக் கவனியுங்கள். குப்பாயி, குப்பம்மாள், பிச்சம்மாள் என்று ஒரு பெண்ணுக்குப் பெயர் இருந்தால், பெரும்பாலும் அவளுக்கு முன் பிறந்தவை தங்கவில்லை என்று கொள்ளலாம். குப்பையில் புரட்டி எடுத்தோ, பிச்சையாகப் பெற்றதாகப் பாவித்தோ வைக்கும் பெயர்கள் அவை. மூத்த பேத்திக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரை வைப்பது பல குடும்பங்களில் வழக்கம். மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால் அந்தக் குழந்தையை வீட்டில் பாப்பா, தாயி, செல்லம், அம்மாளு என்று கூப்பிட்டிருப்பார்கள். ஆகவே ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும்: கூப்பிட்ட பெயர், வைத்த பெயர், பத்திரத்தில் எழுதிய பெயர். மூன்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள் ஒரே பாட்டியை இரண்டு பேராக்கி, தாத்தாவுக்கு இல்லாத இளையதாரத்தைக் கட்டிவைத்துவிடுகிறார்கள்.

பாலக்காட்டு அக்ரஹாரக் குடும்பங்களுக்குப் பெரிய துணை தர்ப்பணத் தாள். அமாவாசைத் தர்ப்பணத்தில் தாய், பிதாமகி (அப்பாவின் அம்மா), பிரபிதாமகி (தாத்தாவின் அம்மா) என்று அப்பா வழியில் மூன்று, மாதாமகி (அம்மாவின் அம்மா) தொடங்கி அம்மா வழியில் மூன்று என ஆறு பெண்களின் பெயர் வரும். தாய் உயிரோடு இருந்தால் அப்பா வழி வரிசை பாட்டியிலிருந்து தொடங்கி ஒரு தலைமுறை மேலே போகும். இறந்துபோன தாத்தாவின் பழைய தாளும் கிடைத்தால் இன்னும் மேலே ஏறலாம். மகாளயத்தில் உங்கள் வீட்டில் அவிதவா நவமி செய்கிறார்களா என்று கேளுங்கள். செய்தால், அந்தப் பெண் கணவனுக்கு முன்பே சுமங்கலியாக இறந்தவர். சுமங்கலிப் பிரார்த்தனையில் யாரை நினைத்துப் புடவை வைக்கிறார்கள் என்பதும் இதே தகவலைத் தரும்.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக் கொங்குக் குடும்பங்கள் சிலவற்றில் பூவாடைக்காரி கும்பிடு உண்டு. கல்யாணத்துக்கு முன் பெட்டியில் சேலை வைத்துக் கும்பிடும் அந்தச் சாமி, பெரும்பாலும் அந்த வீட்டிலேயே வாழ்ந்து மஞ்சள் குங்குமத்தோடு போன ஒரு பெண்தான். யார், எந்தத் தலைமுறை என்று கும்பிடு நடத்தும் பெரியவரிடம் கேட்டுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

பிறந்த ஊரைக் கண்டுபிடிக்க மொய் நோட்டும் சீர்ப் பாத்திரமும் உதவும். பிள்ளைகளின் காதுகுத்து, கல்யாண மொய் நோட்டில் தாய்மாமன் பெயர் ஊரோடு இருக்கும். அதுதான் பாட்டியின் பிறந்த ஊர். பரணில் கிடக்கும் பித்தளைக் குடம், அண்டாவின் கழுத்தடியில் பெயர் வெட்டியிருப்பார்கள். சீராக வந்தது என்றால் இனிஷியல் பிறந்த வீட்டுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். படிக்கும் முன் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், தேய்ந்த எழுத்து இன்னும் போய்விடும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸ் தூளை விரலால் தடவி மேலாகத் துடையுங்கள். வெட்டிய பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள்.

ஆண்டைப் பிடிப்பது

திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிப் பத்திரங்களில் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டுதான் இருக்கும். சிங்ஙம் (ஆவணி) முதல் தனு (மார்கழி) வரை 824 கூட்டுங்கள், மகரம் (தை) முதல் கர்க்கடகம் (ஆடி) வரை 825. தனு மாதத்தின் பின்பாதி ஜனவரியில் விழும், அதற்கும் 825. எடுத்துக்காட்டாக 1099 கர்க்கடகம் என்றால் 1924 ஜூலை, ஆகஸ்ட். மூணாற்றையும் குண்டளா பள்ளத்தாக்கு ரயிலையும் அடித்துக்கொண்டு போன வெள்ளம் அதுதான். அதே 1099இன் சிங்ஙம் என்றால் 1923 ஆகஸ்ட். எப்போதும் 825 என்று கூட்டினால் ஒரு வருஷம் தவறும்.

தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். காளயுக்தி என்பது 1918-19ஆகவும் இருக்கலாம், 1978-79ஆகவும் இருக்கலாம். ரக்தாட்சி 1924-25, தாது 1876-77. ஆளின் வயதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும்.

திதி மட்டும் தெரிந்திருந்தால் ஏமாற்றம் வேண்டாம். மாதம், பட்சம், திதி இவற்றோடு கிழமையும் யாருக்காவது ஞாபகம் இருந்தால், பழைய பஞ்சாங்கத்திலோ பஞ்சாங்க மென்பொருளிலோ சந்தேகப்படும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கிழமை ஒத்துவருவது ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். இரவில் இறந்தவர்களுக்கு ஒரு நாள் வித்தியாசம் வரும். வீட்டில் சூரிய உதயம் வரை பழைய நாள், பதிவேட்டில் நடுராத்திரிக்கே புது நாள்.

எந்த அரசு, எந்த அலுவலகம்

1956 நவம்பர் 1க்கு முன் பாலக்காடு தாலுகா சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூர் 1949 வரை கொச்சி சமஸ்தானம். தேவிகுளம், பீர்மேடு, செங்கோட்டை, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எல்லாம் 1949 வரை திருவிதாங்கூர். இன்றைய மாநிலத்தை வைத்துத் தேடினால் வழி தப்பும். அரசு ஆவணங்களுக்கு மலபார் என்றால் கோழிக்கோடு வட்டார ஆவணக் காப்பகம், சென்னை எழும்பூர்க் காப்பகமும் உண்டு. கொச்சி என்றால் எர்ணாகுளம், திருவிதாங்கூர் என்றால் திருவனந்தபுரம். செங்கோட்டைக்காரர்கள் தமிழ்நாட்டில் இருந்தாலும், பழைய காகிதத்துக்குத் திருவனந்தபுரம் போகத் தயாராக இருக்க வேண்டும்.

இறப்புப் பதிவு இறந்த இடத்தில்தான் நடக்கும். எல்லையோரத்தில் தேடுபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இதில்தான். தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்குப் போவாள். கொழிஞ்சாம்பாறையில் வாழ்ந்தவள் பிரசவத்தில் இறந்தது ஆனைமலையிலோ பொள்ளாச்சியிலோ இருக்கலாம். புருஷன் ஊர்ப் பதிவேட்டில் பத்து வருஷம் புரட்டினாலும் அவள் இருக்க மாட்டாள். ஆகவே இளம் வயதில் இறந்தவர் என்றால் முதலில் பிறந்த ஊரில் தேடுங்கள். கேரளத்தில் பஞ்சாயத்து அல்லது நகரசபையில் விசாரியுங்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களின் பழைய பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் இருக்கும். விண்ணப்பத்தில் அப்பா பெயர், புருஷன் பெயர் இரண்டையும் எழுதி, "இன்னார் பெண்சாதி", "இன்னார் மகள்" என்று இரு விதமாகவும் தேடச் சொல்லுங்கள். பல பதிவுகளில் இறந்த பெண்ணின் பெயரே இருக்காது, உறவு மட்டும் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் பதிவில்லாச் சான்று கேட்டு வாங்குங்கள். எந்த ஆண்டுகளைத் தேடினார்கள் என்பதற்காவது அது சாட்சி.

1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி தரும் நகலில் இறப்புக்கான காரணத்தைக் காட்டக் கூடாது. அதனால் காரணம் இல்லாத சான்று வந்தால் அலுவலரோடு சண்டை போட வேண்டாம்.

காரணத்தை ஊகிப்பது

பழைய பதிவில் காரணம் இருந்தாலும் அப்படியே நம்ப வேண்டாம். பிரிட்டிஷ் கால இறப்புக் கணக்கில் காலரா, அம்மை, பிளேக், ஜுரம், வயிற்றுப்போக்கு, மூச்சு நோய், காயம் என்று சில தலைப்புகள்தான். எழுதியவர் வைத்தியர் அல்ல, கிராம அதிகாரி. பிரசவத்துக்குப் பின் கண்ட ஜன்னியும் "ஜுரம்" என்றே பதிவாகும். அதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. இறந்த தேதிக்கு முந்தைய ஆறு வாரத்துப் பிறப்புப் பதிவில் அதே வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறதா பாருங்கள். பிறகு அடுத்த சில மாதத்து இறப்புப் பதிவில் அந்தக் குழந்தையைத் தேடுங்கள். தாய்ப்பால் இல்லாத சிசு பல சமயம் தாயின் பின்னாலேயே போயிருக்கும். ஓராண்டுக்குள் கணவன் மறுமணம், அதுவும் மச்சினியோடு நடந்திருந்தால், கைக்குழந்தை இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரே வாரத்தில் ஒரே வீட்டில் இரண்டு மூன்று சாவு என்றால் காலராவைச் சந்தேகியுங்கள். 1918 ஐப்பசி, கார்த்திகையில் இருபது முதல் நாற்பது வயதுக்குள் இறந்தவர் என்றால் விஷக்காய்ச்சல். அந்த இன்ஃபுளுயன்சா இளம் வயதினரையும் கர்ப்பிணிகளையும் அதிகம் கொண்டுபோனது. சில வருஷ இடைவெளியில் அக்கா தங்கைகள் வரிசையாக இறந்திருந்தால் க்ஷயம் (காசநோய்). பெண் எடுக்க மாட்டார்கள் என்று அதை மறைத்திருப்பார்கள். "கிணத்துல விழுந்துட்டா" என்ற பேச்சு வந்தால், சொன்னவர் வார்த்தையிலேயே எழுதி வைத்து, அவர் சம்மதம் இல்லாமல் குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அவருக்கு அது அம்மாவின் சாவு.

பத்திரங்கள்

சொத்து உள்ள குடும்பம் என்றால் ஆதாரமும் (சொத்துப் பத்திரம்) முன்னாதாரமும் (அதற்கு முந்தைய பத்திரம்) நிறையச் சொல்லும். 1908 பதிவுச் சட்டப்படி 1ஆம் புத்தகத்தையும் (அசையாச் சொத்துப் பத்திரங்களின் பதிவேடு) அதன் அட்டவணையையும் யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். ஒஸ்யத்து (உயில்) எழுதியவர் இறந்துவிட்டிருந்தால் அதன் நகலும் கேட்கலாம். பெண்கள் அதிகம் வருவது பாகப்பத்திரம், தானம், விடுதலை இவற்றில்தான். சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தில் பெண்ணின் வயது, கணவர் பெயர், புகுந்த ஊர் மூன்றும் ஒரே வரியில் கிடைக்கும். வயதை ஐந்தாண்டு முன்பின்னாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டவர், அடுத்த பத்திரத்தில் அவருக்குப் பதில் அவருடைய பிள்ளைகள் வந்தால், இடைப்பட்ட காலத்தில் இறந்திருக்கிறார்.

எஸ்டேட் பெண்கள்

மூணாறு, பீர்மேடு மலைகளில் கொழுந்து எடுத்த பெண்களுக்கு ஆதாரமும் இல்லை, தர்ப்பணத் தாளும் இல்லை. மூணாற்றின் பழைய கல்லறைத் தோட்டத்தில் 1894இல் காலராவில் இறந்த துரைசாணிக்குக் கல்லறை நிற்கிறது. லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) அதே நோயில் போன பெண்களைப் புதைத்த இடம் தேயிலையாகிவிட்டது. இவர்களுக்குத் தொடக்கப் புள்ளி கங்காணியின் பெயர். ஒரு கங்காணி பெரும்பாலும் தன் ஊர், தன் உறவு வட்டத்திலிருந்தே ஆள் சேர்த்தார். கங்காணியின் ஊர் தெரிந்தால் பாட்டியின் ஊர் பக்கத்தில்தான். அதன் பின் எஸ்டேட் ஆபீசில் பழைய செக்ரோல் (வேலை நாள், கூலிப் பதிவேடு), ஆஸ்பத்திரிப் பதிவு, வைப்பு நிதி வாரிசுப் படிவம் இவற்றைக் கேளுங்கள். எழுத்தில் விண்ணப்பித்து, ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள். எந்த அலமாரி என்று அவருக்குத்தான் தெரியும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயிலின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவேடுகள் இவை எல்லாவற்றையும்விட நம்பகமானவை.

எழுதி வைப்பது

ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித் தாள். மேலே மூன்று பெயர்கள், அடுத்து பிறந்த வீடு, புகுந்த வீடு. அதன் கீழே பிரசவங்கள் வரிசையாக. தங்காதவற்றுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள், பெயர் வைக்கும் முன் போயிருந்தால் "பெண் குழந்தை, ஆறாம் நாள்" என்று எழுதினால் போதும். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்தப் பத்திரம் என்று குறியுங்கள். பார்த்தது பேனாவில், ஊகம் பென்சிலில். நகலை மகன் வீட்டில் மட்டும் வைக்காமல், மகள்கள் கட்டிக்கொடுத்த வீடுகளுக்கும் ஒவ்வொன்று அனுப்புங்கள்.