சாரெமா தீவின் விறகடுப்பு வீட்டில் தங்குவது எப்படி?

பால்டிக் கடல் தீவொன்றில் பழைய மரவீடு வாடகைக்குக் கிடைக்கிறது என்று கேட்டவுடன், கேமரன் மலையில் சாவியை வாங்கிக்கொண்டு நுழையும் அடுக்குமாடி வீட்டைப் போன்ற ஒன்றைத்தான் கோலாலம்பூர்வாசிகளான நாம் கற்பனை செய்துகொள்கிறோம். எஸ்டோனியாவின் மிகப் பெரிய தீவான சாரெமாவில் நாங்கள் ஒரு வாரம் தங்கிய வீட்டில் படுக்கை விரிப்புகள் தூய்மையாக இருந்தன, மின்சாரமும் இருந்தது. ஆனால் வெந்நீர் வேண்டுமானால் விறகு எரிக்க வேண்டும், குடிநீர் கிணற்றிலிருந்து வரும், கழிவறை வீட்டுக்கு வெளியே முப்பதடி தள்ளி இருந்தது. கெடாவில் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிள்ளைகளை வளர்த்த என் பாட்டியை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தால், அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுத் தேநீர் கலக்கியிருப்பார். பதினெட்டாவது மாடியில் வளர்ந்த எங்களுக்கு மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளை மிச்சப்படுத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

பயண ஏற்பாட்டில் சொல்ல அதிகம் இல்லை. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள், எஸ்டோனியாவும் அடங்கிய ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் விரல் ரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை தொடங்கிவிட்டதால், விமானம் மாறும் இடத்தில் சற்று கூடுதல் நேரம் விட்டுக்கொள்ளுங்கள். தலைநகர் தாலினிலிருந்து விர்ட்சு துறைமுகம் வரை சாலை. அங்கிருந்து முஹு தீவின் குய்வஸ்து வரை ஏறத்தாழ அரை மணி நேரப் பெரிக் கப்பல் பயணம். முஹுவிலிருந்து சாரெமாவுக்கு, 1896இல் கட்டி முடிக்கப்பட்ட கடற்பாலச் சாலை. பினாங்குப் பெரியில் காரோடு ஏறிய காலம் நினைவிருப்பவர்களுக்கு இந்தப் பயணம் தனி மகிழ்ச்சியைத் தரும். கோடையில் வெள்ளி மாலை தீவுக்கும் ஞாயிறு மாலை தலைநகருக்கும் கூட்டம் நெரியும் என்பதால் காருக்கான இடத்தை முன்பதிவு செய்வது நல்லது. ஓட்டுநர் உரிமத்தோடு, மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. தரும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்லும், பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும்.

ஜூன் 23, 24 தேதிகளைத் தவிர்ப்பதா தேடிப் போவதா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். அது நடுக்கோடைத் திருநாள். ஊர்தோறும் பெரிய நெருப்பு மூட்டி விடிய விடியக் கொண்டாடுவார்கள்; நல்ல வீடுகள் பல மாதங்களுக்கு முன்பே போய்விடும். அந்த நாள்களில் சூரியன் இரவு பத்தரை மணியளவில் மறைந்து, நான்கு மணியளவில் எழுந்துவிடும். ஆண்டு முழுவதும் ஏழரை மணிக்கு இருட்டிப் பழகிய நம் பிள்ளைகள் தூங்க மறுப்பார்கள். மரவீடுகளின் திரைச்சீலைகள் பெரும்பாலும் மெல்லியவை என்பதால், தலைக்கு ஒன்றாகக் கண்மறைப்புத் துணி கொண்டு செல்லுங்கள்.

இனி அடுப்புக்கு வருகிறேன், ஏனென்றால் உயிருக்கு ஆபத்தான பகுதி அதுதான். ஜூலையிலும் இரவில் பத்துப் பன்னிரண்டு பாகைக்கு வெப்பம் இறங்கலாம். மழை பெய்த நாளில் அடுப்பு மூட்டாமல் இருக்க மாட்டீர்கள். அது தடித்த கல்லும் செங்கல்லும் கொண்டு கட்டிய பெரிய கணப்பு. சிறு நெருப்பை நாள் முழுவதும் புகைய விடுவதற்காக அது கட்டப்படவில்லை. காய்ந்த விறகை ஒரே மூச்சில் கொழுந்துவிட்டு எரிய வைத்தால், கல் அந்தச் சூட்டை வாங்கி மறுநாள் காலை வரை மெல்ல வெளிவிடும். புகைபோக்கியின் குறுக்கே உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் கூடிய ஓர் இரும்புத் தகடு இருக்கும்; உள்ளூரில் அதை ‘சீபெர்’ என்பார்கள். நெருப்பு மூட்டுமுன் அதை முழுவதும் திறக்க வேண்டும். நான் முதல் நாள் இதை மறந்து, வீடு முழுக்கப் புகை நிறைந்து, உத்தரத்தில் இருந்த புகையுணர்வி அலற, மாமியார் உட்பட அனைவரும் கைலியோடும் சட்டையோடும் வெளியே ஓடினோம்.

அந்தத் தவறு சிரிப்போடு போனது. இதற்கு நேர்மாறான தவறு அப்படிப் போகாது. சூடு வெளியேறுகிறதே என்று தணல் சிவந்திருக்கும்போதே தகட்டை மூடினால், மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும்; தூங்குகிறவர் எழமாட்டார். நீலச் சுடர் முற்றிலும் அடங்கி, தணல் கறுத்த பிறகே மூட வேண்டும். ஐயமிருந்தால் திறந்தே விட்டுவிட்டுக் கூடுதலாக ஒரு போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வைஃபையின் கடவுச்சொல் அன்று, கார்பன் மோனாக்சைடு உணர்வி எங்கே இருக்கிறது என்பதுதான். அவசர எண் 112.

தண்ணீரில் சிக்கனம் வேண்டும் என்பது கஞ்சத்தனத்தால் அன்று. சாரெமா முழுவதும் சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் மண் மிக மெல்லியதாகப் படிந்திருக்கிறது. மேலே ஊற்றும் அழுக்கு நீர் வடிகட்டப்படாமல் பாறை வெடிப்புகளின் வழியே நேராக நிலத்தடி நீரில் கலந்துவிடக்கூடும். ஆகவே பாத்திரம் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றச் சொன்னார்களோ அங்கேயே ஊற்றுங்கள். கிணற்றடியில் சோப்புப் போட்டுத் துணி துவைக்காதீர்கள். வெளிக் கழிவறை பெரும்பாலும் உலர் கழிவறை. பயன்படுத்தியபின் பக்கத்து வாளியிலுள்ள மரத்தூளை ஒரு கரண்டி அள்ளித் தூவினால் வாடை எழாது. நமக்கோ கழுவாமல் எழ மனம் வராது. சிறு புட்டித் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனெனில் அதிக நீர் சேர்ந்தால் உலர் கழிவறை நாறத் தொடங்கிவிடும். ஈரத் துடைப்புத்தாளை அதற்குள் போடவே கூடாது.

குளியலறை இல்லையே என்று தேடாதீர்கள், சவுனாதான் குளியலறை. தோட்டத்து மூலையிலிருக்கும் அந்தச் சிறு மரக்குடிலில் அடுப்பை மூட்டி ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருந்தால், உள்ளே எண்பது பாகை அளவுக்குச் சூடேறும், பக்கத்துத் தொட்டியில் வெந்நீரும் காய்ந்திருக்கும். சூடான கற்களின்மேல் அகப்பையால் நீர் ஊற்றும்போது எழும் ஆவியை ‘லெய்ல்’ என்கிறார்கள். மேல்தட்டில்தான் சூடு அதிகம். முதல் முறை கீழ்தட்டில் அமர்ந்து, தலை கிறுகிறுப்பதற்கு முன்பே வெளியே வந்து, ஆறிய பின் மீண்டும் நுழையுங்கள். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நுழைய வேண்டாம். நகைகளைக் கட்டாயம் கழற்ற வேண்டும்: தங்கச் சங்கிலி சூடேறித் தோலைச் சுட்டுவிடும். தாலியைக் கழற்ற விரும்பாதவர்கள், என் மனைவி செய்ததுபோல், சவுனா முடிந்து அடுப்பு தணிந்த பிறகு அதே அறையில் வெந்நீரை வாளியில் கலந்து மொண்டு ஊற்றிக் குளிக்கலாம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை இதோடு இணைக்கும் எண்ணம் எனக்கும் வந்தது. நல்லெண்ணெய்க் கறை அந்த வெள்ளை மரப்பலகையை விட்டுப் போகவே போகாது என்பதால் கைவிட்டேன்.

சாப்பாட்டு மூட்டையைக் கட்டும்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளை நினைவில் கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக் கூடாது. ஆகவே இறைச்சி சம்பாலும் நெய்யும் வீட்டிலேயே இருக்கட்டும். மீன் வகைக்கு அளவோடு அனுமதி உண்டு என்பதால் நெத்திலிக் கருவாடு கொண்டு செல்லலாம். பச்சைக் கறிவேப்பிலையைச் சான்றிதழ் இல்லாமல் எடுத்துச் செல்ல முடியாது; பொடியாக்கி எடுத்துச் செல்லுங்கள். சான்றிதழே தேவைப்படாத ஐந்து பழங்களில் டுரியானும் ஒன்று என்பது வேடிக்கைதான், விமான நிறுவனம் என்ன சொல்லும் என்பது வேறு. அங்கே போனபின் கவலையில்லை. தீவின் தலைநகரான குரேசாரேயில் பெரிய கடைகள் உண்டு. உள்ளூர் வெண்ணெயை உருக்கினால் மணமான நெய் கிடைக்கும். ரை என்னும் தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டியோடு புகையில் வாட்டிய மீனைச் சாப்பிட்டுப் பாருங்கள், அதற்கு நம் சம்பால் நன்றாகவே சேர்கிறது. தாளிப்பை மட்டும் வெளி அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்: மிளகாய் நெடி மரச்சுவரில் வாரக்கணக்கில் தங்கும். சோற்றுக் கலத்தை எடுத்துச் செல்வதானால் மூன்று முனைச் செருகியை இரு வட்ட முனைக்கு மாற்றும் இணைப்பான் தேவை. பழைய வீட்டில் கலம், கெண்டி, சூடேற்றி மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மின்சாரம் துண்டிக்கப்படலாம்.

காட்டு நடை இனிமையானது. ஜூனிப்பர் என்னும் ஊசியிலைப் புதர்களுக்கிடையே ஆடுகள் மேயும் அந்தத் திறந்த வெளியை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் புல்லில் உண்ணிகள் உண்டு. அவை மூளையழற்சியையும் லைம் நோயையும் பரப்புபவை. எஸ்டோனியாவின் மேற்குத் தீவுகளில் இந்த ஆபத்து அதிகம். மூளையழற்சிக்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆனால் ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் வாரக்கணக்கில் இடைவெளி தேவைப்படுவதால், பயண மருத்துவரைச் சில மாதங்களுக்கு முன்பே பாருங்கள். லைம் நோய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நீண்ட கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி நடங்கள். திரும்பியதும் காதுக்குப் பின்புறம், அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களைப் பார்த்துவிடுங்கள். கேமரன் மலை அட்டைக்கு உப்புப் போடும் வழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். உண்ணிக்கு உப்போ எண்ணெயோ தீக்குச்சியோ வைக்காமல், நுண்ணிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். பிறகு சில வாரங்களுக்குள் தோலில் சிவந்த வளையம் விரிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ, கடிபட்ட தேதியைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு இரவுக்கு மட்டும் போகாதீர்கள் என்பது என் சொந்தக் கருத்து. முதல் நாள் அடுப்பு, இரண்டாம் நாள் சவுனா, மூன்றாம் நாள்தான் வீடு உங்களை ஏற்றுக்கொள்ளும். ஐந்து இரவாவது வேண்டும். அதற்குள் அங்லாவின் காற்றாலைகளையும், காலி என்ற ஊரில் ஏறத்தாழ 110 மீட்டர் அகலமுள்ள விண்கல் பள்ளத்தையும், குரேசாரே கோட்டையையும் அவசரமில்லாமல் பார்த்துவிடலாம்.

புறப்படும் நாளில் அடுப்புச் சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, மரச்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அணைந்ததுபோல் தோன்றும் சாம்பலுக்குள் மறுநாளும் கங்கு இருக்கலாம், அதனால் நெகிழிப் பையில் கொட்டக் கூடாது. விறகுக் கொட்டகையிலிருந்து ஒரு கூடை நிறைய விறகும் கொஞ்சம் சுள்ளியும் கொண்டுவந்து அடுப்பின் அருகே அடுக்கிவிட்டு, சாவியை எடுத்த ஆணியிலேயே மாட்டுங்கள். நாங்கள் நள்ளிரவில் நனைந்து வந்து சேர்ந்தபோது, எங்களுக்கு முன் தங்கியவர்கள் அப்படித்தான் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.