ரிப்போர்ட்ல பாசிட்டிவ்னு இருந்தா பதறாதீங்க: மார்பகப் புற்றுநோய் ஐஹெச்சி பேப்பர படிக்கிறது எப்படி

மார்த்தாண்டத்துல ஒரு லேப்ல எனக்க மைனிக்க ரிப்போர்ட்ட வாங்கி பஸ் ஸ்டாண்டுல நின்னே பிரிச்சோம், ரெண்டு இடத்துல பாசிட்டிவ், பக்கத்துல 8/8ன்னு வேற, நோய் எட்டுக்கு எட்டு முத்திப்போச்சுன்னு நினைச்சு மைனி அங்கனயே உக்காந்துட்டாவ. டெங்கு, கொரோனான்னு பாசிட்டிவ்னாலே கெட்ட சேதின்னு பழகிட்டோம்லா. ஆனா இங்க அது வேற. புற்றுநோய்னு பயாப்சியே சொல்லியாச்சு, அந்தச் செல்லுல என்ன புரோட்டீன் இருக்கு, எந்த மருந்து கேக்கும்னு சாயம் ஏத்திப் பாக்கத்தான் இந்த ஐஹெச்சி டெஸ்ட்.

முதல்ல ஈஆர், பிஆர் வரிய தேடுங்க. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் ஹார்மோன பிடிச்சுக்கிற புரோட்டீன் இது. நூறு செல்லுல ஒண்ணு கலர் பிடிச்சாலே பாசிட்டிவ்னு எழுதுவாங்க, ஈஆர் 1ல இருந்து 10 சதவீதம்னா லோ பாசிட்டிவ், அப்படி இருந்தா ஹார்மோன் மாத்திரை எவ்வளவு கேக்கும்னு டாக்டர்ட்ட தனியா கேளுங்க. மைனிக்க 8/8 ஆல்ரெட் ஸ்கோர்: எத்தனை செல் கலர் பிடிச்சுதுன்னு 5 வரைக்கும், எவ்வளவு அழுத்தமா பிடிச்சுதுன்னு 3 வரைக்கும் மார்க், ரெண்டையும் கூட்டுனா 8. அதாவது ஹார்மோன் மாத்திரை நல்லா கேக்க வாய்ப்பு இருக்கு! மாதவிடாய் நிக்காதவங்களுக்கு பெரும்பாலும் டமாக்சிஃபென், நின்னவங்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாதிரி, குறைஞ்சது 5 வருஷம். உடம்புக்கு நல்லாத்தானே இருக்குன்னு தயவுசெஞ்சு நடுவுல நிறுத்திராதீங்க.

அடுத்தது ஹெர்2, செல்ல வேகமா பெருக வைக்கிற ஒரு புரோட்டீன். 0, 1+, 2+, 3+னு வரும். எங்க கூட பஸ்ஸுல வந்த ஒரு அக்கா 3+ஐ மூணாவது ஸ்டேஜ்னு நினைச்சு வாரக்கணக்கா அழுதிருக்காவ, ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. 3+னா ஹெர்2 பாசிட்டிவ், டிராஸ்டுசுமாப் ஊசி இருக்கு, நோய் ஆரம்பத்துல இருந்தா பொதுவா கீமோவோட ஆரம்பிச்சு மொத்தம் ஒரு வருஷம் போடுவாங்க, இதயத்த பாதிக்கலாம்ங்கிறதால முன்னாடியும் நடுவுலயும் எக்கோ எடுப்பாங்க. 0, 1+ நெகட்டிவ். 2+தான் இழுபறி, ஃபிஷ்னு ஹெர்2 ஜீன எண்ணிப் பாக்கிற இன்னொரு டெஸ்ட் பண்ணாம முடிவு சொல்ல முடியாது, செலவு ஆகும்னு அத விட்டுராதீங்க. நோய் பரவினவங்க 1+னாலும், 2+ வந்து ஃபிஷ் நெகட்டிவ்னாலும் அந்தப் பேப்பர பத்திரமா வைங்க, ஹெர்2 லோன்னு சொல்ற இந்த வகைக்கும் இப்ப மருந்து வந்திருக்கு.

மூணுமே நெகட்டிவ்னா டிரிப்பிள் நெகட்டிவ். நெகட்டிவ்தானேன்னு நிம்மதி ஆயிரக்கூடாது, ஹார்மோன் மாத்திரையும் ஹெர்2 ஊசியும் இதுக்கு கேக்காது, கீமோதான் முக்கியம், சிலருக்கு உடம்புக்க எதிர்ப்புச் சக்திய தூண்டுற இம்யூனோதெரபியும் உண்டு. நோய் பரம்பரையா வந்ததான்னு பாக்கிற பிஆர்சிஏ ஜீன் டெஸ்ட் வேணுமான்னு கண்டிப்பா கேளுங்க, அக்கா தங்கச்சி, பிள்ளைங்களுக்கும் அது உதவும்.

கேஐ-67ங்கிறது எத்தனை சதவீதம் செல் பெருகிட்டு இருக்குங்கிற கணக்கு. 5க்குள்ள குறைவு, 30க்கு மேல அதிகம், நடுவுல உள்ள நம்பர் லேபுக்கு லேப் மாறும், அத மட்டும் வச்சு தூக்கத்த கெடுக்காதீங்க.

கடைசியா பிளாக். உங்க கட்டித் துண்ட மெழுகுல பதிச்சு, தீப்பெட்டியவிட சின்னதா ஒரு பிளாஸ்டிக் சட்டத்துல வச்சிருப்பாங்க. கட்டி எடுத்த ஆஸ்பத்திரியில எங்களுக்கு பேப்பர மட்டும் தந்து அனுப்பிட்டாவ, திருவனந்தபுரத்துல டாக்டர் "பிளாக் எவிடெ"ன்னு கேட்டப்ப முழிச்சோம், களியக்காவிளை வழியா திரும்பி வந்து வாங்கிட்டுப் போக ரெண்டு நாள் வீணாச்சு. வேற இடத்துக்கு காட்டப் போறீங்கன்னா பிளாக்கையும், அதுல இருந்து சீவி எடுத்து வச்ச கண்ணாடி ஸ்லைடையும் முதல்லயே கேட்டு வாங்குங்க, அது மேல எழுதியிருக்க நம்பர் பேப்பர் நம்பரோட ஒத்துப்போகுதான்னு கவுண்டர்லயே பாத்துருங்க, வெயில் பட்டா மெழுகு உருகும், பஸ்ஸுல ஜன்னலோரம் வைக்காம மடியில வச்சுக்குங்க.