புது வண்டியின் முதல் சர்வீஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏனுங்ணா, வண்டி நல்லாத்தானுங்க ஓடுது, அதுக்குள்ள எதுக்குங்க சர்வீஸ்?" கோயம்புத்தூரோ திருப்பூரோ ஈரோடோ, புதிதாக பைக்கோ ஸ்கூட்டரோ எடுத்த வீடுகளில் ஒரு மாதத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். நன்றாக ஓடுகிற வண்டிக்குத்தான் அந்த சர்வீஸ். ரிப்பேர் பார்ப்பதற்காக அதை வைக்கவில்லை. பத்து வருஷம் ஓட வேண்டிய இன்ஜினுக்கு அந்த ஒரு தடவை செய்வதைத் தவறவிட்டால், பிறகு எத்தனை சர்வீஸ் செய்தாலும் ஈடு கட்ட முடியாது.

காரணம் ஆயில். நம் பக்கம் லேத், பவுண்டரி, பம்ப்செட் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதைச் சொல்வது சுலபம். எவ்வளவு நுணுக்கமாகக் கடைந்த உருப்படியாக இருந்தாலும் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். சிலிண்டரின் உள்சுவரில் ஆயில் தங்குவதற்காகவே ஹோனிங் செய்து மெல்லிய கீறல் போட்டிருப்பார்கள். முதல் சில நூறு கிலோமீட்டர்களில் பிஸ்டன் ரிங் அந்தச் சுவரோடு உரசி உட்காருகிறது, கியர் பற்கள் ஒன்றோடொன்று படிகின்றன. அப்போது தேய்ந்து விழும் பொடி எல்லாம் ஆயிலோடுதான் கலக்கிறது. பெரிய துகளை ஃபில்டர் பிடித்துவிடும், மிகச் சன்னமானது சுற்றிக்கொண்டே இருக்கும். 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஒரு லிட்டர் ஆயில்கூடப் பிடிக்காது. அந்தக் கொஞ்ச ஆயில்தான் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஓடுகிறது. அதனால்தான் முதல் ஆயிலை இவ்வளவு சீக்கிரம் மாற்றச் சொல்கிறார்கள்.

ஆயிலை வடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ட்ரேயை வெயில் படும் இடத்துக்கு நகர்த்தினால் கருத்த ஆயிலுக்குள் பொடி மினுமினுவென்று தெரியும். சூடு ஆறினதும் விரலில் தொட்டுத் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று ஒட்டும். முதல் சர்வீஸில் அது இயல்பு, பயப்பட வேண்டாம். விரலில் துண்டு துண்டாக இரும்பு தட்டுப்பட்டால் மட்டும் அங்கேயே சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இனித் தவறுகளுக்கு வருவோம்.

நான் அதிகம் பார்ப்பது கிலோமீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு நாளை மறப்பது. கையேட்டில் பெரும்பாலும் 500 முதல் 750 கிலோமீட்டர், அல்லது 1,000 கிலோமீட்டர் என்று போட்டு, பக்கத்திலேயே 30 நாள், 45 நாள் என்று ஒரு கணக்கும் இருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. ஆயுத பூஜைக்கு எடுத்த வண்டி, தோட்டத்துக்கும் பால் சொசைட்டிக்கும் மட்டும் போய் வந்தால் கார்த்திகை தீபத்தின்போதும் 200 கிலோமீட்டர் தாண்டியிருக்காது. "இன்னும் ஓடவே இல்லையே" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி இரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிற வண்டியில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதே இல்லை. உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலில் கலந்து அதைக் கெடுக்கும். குறைவாக ஓடுகிற வண்டிக்குத்தான் நாள் கணக்கு முக்கியம். நாள் கடந்தால் இலவச சர்வீஸ் கூப்பனும் செல்லாமல் போகலாம். வாரண்டி கேட்டுப் போகிறபோது, முதல் சர்வீஸ் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறு, நீண்ட பயணம் போய் வந்து சர்வீஸ் விடலாம் என்று நினைப்பது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தம்பிகள் போனஸில் வண்டி எடுத்து, பொங்கலுக்கு அதிலேயே ஊருக்குக் கிளம்புவார்கள். மதுரைக்குப் போய் வந்தாலே 350 கிலோமீட்டரைத் தாண்டும். ஏற்கெனவே 500 காட்டுகிற வண்டி, திரும்பி வரும்போது கெடுவை நெருங்கியோ தாண்டியோ நிற்கும். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளோ, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளோ, கொல்லிமலையின் 70 வளைவுகளோ, பின்னால் ஆளை வைத்துக்கொண்டு புது இன்ஜினை அங்கே ஏற்றினால் அது திணறிச் சூடேறும். ரீடிங் கெடுவுக்குப் பக்கத்தில் இருந்தால் சர்வீஸை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். 50 கிலோமீட்டர் முன்னதாக ஆயில் மாற்றுவதால் எந்தக் கெடுதலும் இல்லை.

ஓட்டும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "40-ஐத் தாண்டாதே" என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அவிநாசி ரோட்டில் டாப் கியரில் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே போவதும் நல்லதல்ல. முழு ஆக்சிலேட்டர் வேண்டாம், இன்ஜின் முக்குகிற அளவுக்குப் பெரிய கியரும் வேண்டாம். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள்.

சரி, ஷோரூம் தூரம், நம்மூர் மெக்கானிக்கிடமே ஆயில் மாற்றிக்கொள்ளலாமா? அவருடைய கைப்பக்குவத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, கூப்பன் முடிந்த பிறகு தாராளமாக அவரிடம் விடுங்கள். முதல் சர்வீஸுக்கு வேண்டாம், கம்பெனிக் கணக்கில் அது பதிவாகாது. ஆயிலிலும் கவனம் வேண்டும். கியர் வண்டிகளில் கிளட்ச் பிளேட் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி ஓடுகிறது. மிச்சமிருக்கிற கார் ஆயிலை ஊற்றினால் அதில் உள்ள வழுக்கும் மருந்து கிளட்சை நழுவ வைக்கலாம். அப்புறம் இன்ஜின் இரையும், வண்டி இழுக்காது. கையேட்டில் போட்டிருக்கும் கிரேடைப் பாருங்கள்: 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று வண்டிக்கு வண்டி மாறும். டப்பாவில் ஜேசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற, கியர் வண்டி ஆயிலுக்கான தர முத்திரையும் இருக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு இந்தக் கணக்கு வேறு, அதற்குப் பின்சக்கரப் பக்கம் தனியாகக் கியர் ஆயிலும் உண்டு.

டேப்பட், அதாவது வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கும் பாகத்துக்கும் நடுவில் விடும் இடைவெளி, அந்த விஷயத்தில் ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. சத்தம் வராவிட்டால் டேப்பட் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறோம். லூஸான டேப்பட்தான் டிக் டிக் என்று தட்டும். டைட்டானது சத்தமே போடாது, ஆனால் வால்வு முழுதாக மூடாமல் பிக்கப் குறைந்து, நாளடைவில் வால்வே கருகும். புது வண்டியில் வால்வு தன் சீட்டில் படியப் படிய அந்த இடைவெளி குறையத்தான் செய்யும். உங்கள் வண்டிக்கு முதல் சர்வீஸிலேயே டேப்பட் பார்க்கச் சொல்லியிருந்தால், இன்ஜின் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். காங்கேயத்திலிருந்து திருப்பூர் வரை ஓட்டிப் போய், சூட்டோடு சூடாகக் கொடுத்தால் அளவு சரியாக வராது. முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிடுவது உத்தமம்.

செயினும் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தொய்யும். இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவில், கீழ்ப் பக்கச் செயினை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். சாதாரண வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட வேண்டும், சரியான அளவு கையேட்டில் இருக்கும். லூஸாக இருந்தால் சத்தம் வரும் என்று பயந்து இறுக்கமாகவே வைத்துக்கொடுக்கிறவர்கள் உண்டு. அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆள் உட்கார்ந்ததும் செயின் இன்னும் இறுகும், பேரிங் போகும். பின் அச்சின் இரண்டு பக்கமும் செயினை அட்ஜஸ்ட் செய்கிற கோடு ஒரே இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்போக்ஸ் சக்கரமாக இருந்தால் கம்பிகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், பால் கேன், தேங்காய் மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு இது கட்டாயம்.

இலவச சர்வீஸ் என்றால் கூலி மட்டும்தான் இலவசம். ஆயில், ஃபில்டர், வாஷர் காசு நம்முடையது. அதைக் கொடுக்கத் தயங்கி "ஆயில் இப்ப வேண்டாங்க, வாட்டர் வாஷ் மட்டும் போடுங்க" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. சர்வீஸே அந்த ஆயிலுக்காகத்தான்! மறுபக்கம், இன்ஜின் ஃப்ளஷ், டெஃப்லான் கோட்டிங், ஆயிலில் கலக்கும் மருந்து என்று பில்லில் ஏற்றினால் வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஒரு மாத வண்டிக்கு அது எதுவும் தேவையில்லை.

சர்வீஸ் முடிந்து வண்டியைத் திரும்ப எடுக்கும்போது அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள். ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன குறை ஒவ்வொன்றும் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள், ஒரு ரவுண்டு ஓட்டுங்கள், ஆயில் அளவை வண்டியை நேராக நிறுத்திப் பாருங்கள். கூடுதலாக ஊற்றியிருந்தாலும் தவறுதான். ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் அதில் ஆயில் சொட்டியிருந்தால் டிரெயின் போல்ட்டை நீங்களே முறுக்காதீர்கள். அது அலுமினிய உடம்பு, மரை போய்விட்டால் பெரிய செலவு, அவர்களிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். அடுத்த சர்வீஸ் எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கி, போட்டோ எடுத்து வீட்டில் அந்த வண்டியை ஓட்டுகிற எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.