மலைப்பாதை: ஏறிய கியரிலேயே இறங்குங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36. பயம் ஏறும்போது வருகிறது. பிரேக் போவதோ இறங்கும்போது. இங்கே சொல்வது கியர் உள்ள சாதாரண காருக்கு.

ஏறும்போது, வளைவுக்கு 20 மீட்டர் முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். வளைவின் நடுவில் கியர் மாற்றினால், கிளட்ச் மிதித்த அந்த நொடியிலேயே வண்டி இழுவை விட்டு நின்றுவிடும். 1 லிட்டர் என்ஜினில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தால் ஏசியை அணையுங்கள், வித்தியாசம் தெரியும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டம்தான் செங்குத்து. எதிரே வண்டி இல்லை என்று தெரிந்தால் மட்டும் கொஞ்சம் அகலமாக எடுக்கலாம். பஸ்ஸுக்கு அந்த வளைவில் முழு ரோடும் தேவை. நீங்கள் இறங்கும்போது அதே வளைவு வலப்பக்கம் திரும்பும். கீழே ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே, இரண்டு கார் நீளம் விட்டு நில்லுங்கள். குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கே முதலிடம். 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் அதையே சொல்கின்றன.

சீசன் நெரிசலில் ஏற்றத்தில் வரிசை ஊர்ந்தால் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கி நிற்காதீர்கள். சில நிமிடத்தில் தீய்ந்த வாடை வரும். அது கிளட்ச் பிளேட். ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலில் நில்லுங்கள். முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழுந்த பிறகு கிளப்புங்கள்: முதல் கியர், கிளட்ச்சை மெல்ல விடுங்கள், என்ஜின் சத்தம் தாழ்ந்து வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், கொஞ்சம் ஆக்சிலரேட்டர், பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். மூக்கு தூக்குவதற்கு முன் இறக்கினால் வண்டி பின்னால் உருளும். ஏற்றத்தில் பின்னால் உருளாமல் தானே பிரேக் பிடிக்கும் ஹில் ஹோல்ட் வசதி உள்ள கார் இரண்டு நொடி தாங்கும், அவ்வளவுதான். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

இறக்கத்துக்கு விதி ஒன்றுதான்: எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வேகம் கூடும்போது பிரேக்கை இரண்டு நொடி அழுத்தமாக மிதித்து, முழுதாக விடுங்கள். லேசாக மிதித்துக்கொண்டே இறங்கினால் பேட் ஆறவே ஆறாது. சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். பழைய ஆயில் ஈரம் குடித்திருக்கும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி கீழே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். ஆட்டோமேட்டிக் என்றால் 'டி'யில் விட்டுவிடாமல் 'எல்' (தாழ்ந்த கியர்) அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது வடிகட்டிய முட்டாள்தனம். கியரில் இறங்கும்போது இன்றைய என்ஜின்கள் பெட்ரோலைத் தாமே நிறுத்திவிடுகின்றன.

இறக்கத்தில் தீய்ந்த வாடை வந்தால் அது பிரேக். அகலமான இடம் பார்த்து ஒதுங்கி அரை மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணும். ரிவர்ஸ் கியரில் விட்டு, முன் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரம் போடுங்கள். அடுத்து வருவது பைக்காக இருக்கலாம்.

பெடல் கீழே போய்விட்டால் வேகமாகப் பலமுறை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், பொத்தானை அழுத்தியபடி சிறிது சிறிதாக இழுங்கள். எக்காரணம் கொண்டும் சாவியை அணைக்கக் கூடாது. ஸ்டீயரிங் கனத்துப்போகும், மிச்சமிருக்கும் பிரேக்குக்கும், மிதிப்பதை இலகுவாக்கும் பூஸ்டர் இல்லாமல் போகும். எதுவும் பிடிக்கவில்லையென்றால் பள்ளத்தின் பக்கம் போகாமல், மலைச் சுவரில் பக்கவாட்டாக உரசி நிறுத்துங்கள்.