கேள்வித்தாளோடு தெருவில் இறங்கும் முன்: பெண்களின் அதிகாரத்தை அளப்பது எப்படி?

முதன்முறையாகக் கள ஆய்வுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் நிற்பது சென்னையில். கையில் இருக்கும் அளவுகோல்களோ பெரும்பாலும் வேறு ஊரில் பிறந்தவை.

படி 1: எதை அளக்கிறீர்கள்?

'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை வேறு, முடிவெடுக்கும் அதிகாரம் வேறு. நம்பிக்கைக்கு ஷ்வார்ட்ஸர், ஜெருசலேம் என்ற இரு உளவியலாளர்கள் உருவாக்கிய அளவுகோல் இருக்கிறது: 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். அதிகாரத்துக்குப் பொருளாதார அறிஞர் நைலா கபீர் 1999இல் பிரித்துக் காட்டிய மூன்றையும் பாருங்கள்: கையில் உள்ள வளம், தன் விருப்பப்படி செயல்படும் திறன், கிடைத்த பலன்.

படி 2: தமிழாக்கம்

ஒருவர் தமிழில் எழுதட்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகட்டும். எங்கே விலகுகிறதோ அங்கே திருத்துங்கள்.

படி 3: புரிந்ததைச் சொல்லச் சொல்லுங்கள்

இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்காவிடம், 'வீட்டுக்குப் பெரிய பொருள் வாங்குவதை யார் முடிவு செய்வது?' என்று கேட்டேன். "அவரைக் கேட்டுத்தான்" என்றார். தாளில் அது கணவரின் முடிவு என்று பதிவாகும். சரி, கடைசியாக என்ன வாங்கினீர்கள் என்றேன். ஃப்ரிட்ஜ். கடையைப் பார்த்தது, தவணை பேசியது, மாதாமாதம் கட்டுவது எல்லாம் அந்த அக்காதான். "சொல்லாம வாங்கினா நல்லாவா இருக்கும்?" என்றார். அவர் கொடுத்த மரியாதையை நான் அடிமைத்தனமாகக் குறிக்க இருந்தேன். அன்றிலிருந்து கடைசியாக வாங்கிய பொருளை வைத்தே கேட்கிறேன்: பேச்சை எடுத்தது யார், யார் வேண்டாம் என்றிருந்தால் நின்றுபோயிருக்கும்?

'தனியாகச் சந்தைக்குப் போவீர்களா' என்பதும் அப்படித்தான். 2021 முதல் சாதாரண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாத ஊரில் ஏறக்குறைய எல்லாரும் 'ஆமாம்' என்பார்கள். யாரையும் பிரித்துக் காட்டாத கேள்வி அது. இரவு ஒன்பது மணிக்கு என்று சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.

படி 4: மதிப்பெண்

நம்பிக்கை வாக்கியங்களுக்கான பதில்களை 'ஓரளவு உண்மை', 'பெரும்பாலும் உண்மை' என்று வாசித்தால் குழம்புவார்கள். நான்கு புளியங்கொட்டைகளைக் கொடுத்து, எத்தனை வைக்கலாம் என்று கேளுங்கள்.

அப்புறம், சென்னையின் சராசரியை இன்னொரு நாட்டோடு உடனே ஒப்பிடாதீர்கள். இரண்டு இடத்திலும் கேள்விகள் ஒரே பொருளில் இயங்குகின்றனவா என்று புள்ளியியல் சோதனை செய்த பிறகே ஒப்பிடலாம்.

படி 5: இடம்

மொட்டை மாடியோ, வாசல் படியோ, தனியாகப் பேசுங்கள். மாமியார் வந்து உட்கார்ந்தால் தாளை மடித்துவிட்டு ரேஷன் கடையைப் பற்றிப் பேசுங்கள். மீதியை இன்னொரு நாள் கேட்கலாம்.